துப்பாக்கிக்குக் கண் எங்கே இருக்கிறது?

மாசியில் சித்தூர்க் கொங்கன்படைத் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ஆந்திரத்துச் சித்தூர் இல்லை. எங்கள் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர். கூட வந்தவன் பொள்ளாச்சியில் ப்ளஸ் டூ படிக்கும் என் அக்கா மகன். படை, குதிரை, வெடி எதையும் அவன் சரியாகப் பார்க்கவில்லை. பலூன் சுடும் கடையிலேயே நின்றுவிட்டான். பத்துக் குண்டுக்கு மூன்று பலூன் உடைந்தது.

"மாமா, இந்தத் துப்பாக்கி கோணல்."

கோணல்தான். கடைக்காரரும் மறுக்கவில்லை. "நாலு விரல் வலது பக்கம் தள்ளிக் குறி வைங்க தம்பி" என்றார். அடுத்த பத்தில் எட்டு உடைந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான்: "கம்ப்யூட்டர்ல ஆடறதுக்கு இதே மாதிரி ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது மாமா?" மொபைலில் நாலைந்து படங்களைக் காட்டினான். எல்லாம் கறுப்பு, எல்லாம் பயங்கர அழகு. "கண்ணு, அழகை விடு. அதுக்குக் கண்ணு எங்க இருக்குன்னு பாரு" என்றேன். பாதியை பஸ்ஸில் சொன்னேன். மீதி இங்கே.

பலூன் கடைத் துப்பாக்கியிலிருந்து குண்டு வெளியே போகிறது. கேம் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. விசையை அழுத்தியதும் ஏதோ ஒரு கதிர் பாய்ந்து டிவியைத் தொடுகிறது என்றுதான் சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நடப்பது நேர் எதிர். டிவியிலிருந்து வரும் வெளிச்சம் துப்பாக்கிக்குள் போகிறது. குழாய்க்குள் இருப்பது ஒரு கண். தான் எதைப் பார்க்கிறது என்று அது சொல்ல, அதை வைத்து எங்கே சுட்டாய் என்று கேம் முடிவு செய்கிறது. அந்தக் கண் எந்த வகை, அது எதைத் தேடுகிறது என்பது தெரிந்துவிட்டால், எந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் வேலை செய்யும் என்பதில் முக்கால் பங்கு தெரிந்த மாதிரி.

முதலில் பழைய கண். கேம் கம்பெனியான நின்டென்டோ 1985-ல் அமெரிக்காவில் விற்ற ஸாப்பர் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வாத்து சுடும் விளையாட்டோடு வந்தது. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற டிவி கேம் பெட்டிகளோடும் அதன் நகல்கள் வந்தன. பொள்ளாச்சியில் வாங்கிய ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. விசையை அழுத்தினால் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்குக்குத் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். அடுத்த அறுபதில் ஒரு பங்கில் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகத் தெரியும். துப்பாக்கியில் இருக்கும் ஒளி உணரி முதலில் இருட்டையும் உடனே வெளிச்சத்தையும் கண்டால் வாத்து செத்தது. இரண்டு வாத்து இருந்தால் இரண்டு கட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எப்போது வெளிச்சம் தெரிந்ததோ அதை வைத்து எந்த வாத்து என்று கணக்கு. குண்டு பல்புக்கு நேரே நீட்டிச் சுட்டு ஏமாற்றலாமே என்று யோசித்த பிள்ளைகள் உண்டு (நானும்தான்). முதலில் இருட்டு தெரிய வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையால் அது பலிக்கவில்லை.

அப்புறம் வந்தவை இன்னும் சாமர்த்தியமானவை. பழைய பெட்டி டிவியில் படம் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. ஒரு எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படத்தை வரைந்துகொண்டே போகும். துப்பாக்கிக் குழாய்க்கு நேரே அந்த வெளிச்சப்புள்ளி எந்தக் கணத்தில் கடந்தது என்று தெரிந்தால், எந்த வரி, எந்த இடம் என்று கண்டுபிடித்துவிடலாம். நாம்கோ கம்பெனியின் கன்கான் துப்பாக்கி இந்த வகை. ஆக, கடிகாரம் பார்த்து இடம் சொல்லும் கண் அது.

இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் பழங்கதை ஆசை இல்லை. இந்தப் பழைய துப்பாக்கிகள் இன்றைக்கும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன, விலையும் குறைவு. ஆனால் இன்றைய எல்.சி.டி., எல்.இ.டி. திரைகளில் வரி வரியாக ஓடும் அந்த வெளிச்சப்புள்ளி கிடையாது. படம் வந்து சேர்வதிலும் சில மில்லி நொடி தாமதம். எனவே உங்கள் வீட்டில் தடிமனான பெட்டி டிவி இல்லையென்றால் அவை வெறும் பொம்மை. யாராவது "ஒயர் மாத்தினா ஓடும்" என்று சொன்னால் கேட்காதீர்கள். ஒயரில் இல்லை கோளாறு.

சரி, தட்டைத் திரைக்கு என்ன வழி? இங்கே மூன்று விதமான துப்பாக்கிகள் இருக்கின்றன.

ஒன்று, அகச்சிவப்பு விளக்கைத் தேடும் கண். திரையின் மேலோ கீழோ ஓரங்களிலோ சின்ன அகச்சிவப்பு எல்.இ.டி.களை ஒட்டிவிட வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியாது, துப்பாக்கி முனையில் இருக்கும் குட்டிக் கேமராவுக்குத் தெரியும். 2006-ல் வந்த நின்டென்டோ வீ கேம் பெட்டியின் ரிமோட் இப்படித்தான் வேலை செய்தது. அதில் டிவி மேல் வைக்கும் பட்டைக்கு 'சென்சார் பார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அதில் சென்சாரே இல்லை. இரண்டு பக்கமும் விளக்கு, அவ்வளவுதான். பட்டை உடைந்துபோனவர்கள் டிவிக்கு முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து ஆடியிருக்கிறார்கள், ஓடியது. கார்த்திகை அன்றைக்கு டிவி முன்னால் அகல் வைத்துவிட்டு ஆடினால் குறி எங்கெங்கோ போவதும் அதனால்தான்.

விளக்கு ஒரே பட்டையில் இருந்தால் ஒரு குறை உண்டு. நீங்கள் நேர் எதிரே நிற்கும்வரை சரி. இரண்டடி நகர்ந்தாலோ முன்னால் போனாலோ குறி விலகும், ஏனென்றால் இரண்டு புள்ளியை வைத்துத் திரையைச் சாய்வாகப் பார்க்கிறோமா நேராகப் பார்க்கிறோமா என்று சொல்ல முடியாது. நாலு இடத்தில் விளக்கு வைத்தால் சொல்ல முடியும். கன்ஃபார்ஐஆர் என்ற, நாமே பாகங்கள் வாங்கிப் பூட்டிக்கொள்ளும் வகை இந்த நாலு புள்ளி முறைதான். சால்டரிங் பழக்கம் இருந்தால் நல்ல விளையாட்டு. இல்லையென்றால் பூட்டித் தருபவரிடம் வாங்குவது மேல்.

இரண்டு, திரையையே தேடும் கண். 2019-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் பணம் திரட்டி வந்த பிரிட்டனின் ஸிண்டன் துப்பாக்கி இது. விளக்கு எதுவும் ஒட்ட வேண்டாம். படத்தைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்பை மென்பொருள் வரைகிறது. துப்பாக்கிக்குள் இருக்கும் கேமரா அந்த வெள்ளைச் சட்டத்தைக் கண்டுபிடித்து, தான் சட்டத்தின் எந்த இடத்துக்கு நேரே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. அறுபது ஆண்டுப் பழைய கல்யாண போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி திரை தெரியும். ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும். இதற்குத் திரையில் பளபளப்புப் பிரதிபலிப்பு ஆகாது. எதிர்ச் சுவரில் டியூப் லைட் எரிந்து அது டிவியில் தெரிந்தால் சட்டம் எது, டியூப் லைட் எது என்று குழம்பும்.

மூன்று, குருட்டுத் துப்பாக்கி. கண்ணே கிடையாது. உள்ளே மொபைலில் இருப்பது போன்ற ஒரு அசைவு உணரி மட்டும். எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பினோம் என்று அது எண்ணிக்கொண்டே போகும். வாய்க்கால் வரப்பில் கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடப்பது மாதிரி: முதல் பத்தடி சரியாக இருக்கும், நூறாவது அடியில் வாய்க்காலுக்குள் இருப்போம். சின்னச் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போய்க் குறி நகர்ந்துவிடும். நான் முதன்முதலில் ஆன்லைனில் வாங்கியது இந்த வகைதான், அதுவும் கம்ப்யூட்டருக்கு ஆகவே ஆகாத, மேலே மொபைலைச் செருகி ஆடும் ரகம். விளம்பரத்தில் 'பி.சி., மொபைல், வி.ஆர். எல்லாவற்றுக்கும்' என்று இருந்தது. விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் அதை வைத்துக் காக்காய் விரட்டுகிறான்.

இதில் எதை வாங்குவது என்பதை உங்கள் பணப்பையைவிட உங்கள் அறைதான் முடிவு செய்யும். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கேமராவுக்கு ஒரு பார்வை அகலம் உண்டு. வீ ரிமோட்டில் இருந்த மாதிரியான அகச்சிவப்புக் கேமரா பக்கவாட்டில் ஏறக்குறைய 33 பாகை பார்க்கும். 32 அங்குல டிவியின் அகலம் சுமார் 71 சென்டிமீட்டர். திரையின் நடுவில் குறி வைத்தால் இரண்டு ஓரமும் தெரிய 1.2 மீட்டர் தள்ளி நின்றால் போதும். ஆனால் வில்லன் நடுவில் மட்டுமா வருவான்? இடது ஓரத்தில் குறி வைக்கும்போதும் வலது ஓர விளக்கு தெரிய வேண்டுமானால் தூரம் இரட்டிப்பாகிறது: 2.4 மீட்டர், அதாவது எட்டடி. அதுவும் துப்பாக்கி முனையிலிருந்து. கை நீட்டிப் பிடித்தால் உங்கள் முதுகு பத்தடியில் இருக்கும். எட்டுக்குப் பத்து அறையில் கட்டிலும் பீரோவும் போட்டிருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். 24 அங்குல மானிட்டர் என்றால் அதே கணக்கில் 1.8 மீட்டர், ஆறடி போதும். ஆக, பெரிய டிவி என்றால் நல்லது என்பது இங்கே தலைகீழ். ஓரிரண்டு விளக்கு மறைந்தாலும் சில மென்பொருள்கள் சமாளிக்கும். அகலப் பார்வை லென்ஸ் போட்ட வகையும் உண்டு. ஆனாலும் டேப் எடுத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது வெயில். வெயிலில் அகச்சிவப்பு ஏராளம். பாலக்காட்டுக் கணவாயில் பங்குனி மத்தியானம் மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்து இந்தத் துப்பாக்கியைப் பிடித்தால் அதற்கு ஜன்னலே ஒரு பெரிய விளக்காகத் தெரியும். குண்டு பல்பும் அப்படியே. எல்.இ.டி. பல்பும் கெட்டித் திரைச்சீலையும் இருந்தால் பிரச்சினை பாதி தீரும்.

வாங்கியாகிவிட்டது, கம்ப்யூட்டரில் செருகியாகிவிட்டது. கம்ப்யூட்டருக்கு அது ஒரு மவுஸ் என்றே தெரியும். ஆனால் மவுஸில் இரண்டு பேச்சு உண்டு. நாம் மேசையில் தள்ளும் மவுஸ் "இருந்த இடத்திலிருந்து கிழக்கே பத்தடி போ" என்கிறது. துப்பாக்கி "கோயிலுக்கு எதிரே மூன்றாவது வீடு" என்று நேராக முகவரி சொல்கிறது. இதனால் ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. நாமே நடந்து, திரும்பி, ஒளிந்து ஆடும் வகைச் சுடும் கேம்கள், இன்று எல்லோரும் ஆடுபவை, முதல் பேச்சைத்தான் எதிர்பார்க்கின்றன. மவுஸைத் தள்ளினால் தலை திரும்ப வேண்டும். அங்கே முகவரி சொல்லும் துப்பாக்கியைக் கொண்டுபோனால் ஆள் பம்பரமாகச் சுற்றுவான். இந்தத் துப்பாக்கிகளுக்கு ஏற்றவை, கேம் தானே நம்மை வழிநடத்திக்கொண்டு போக நாம் குறி மட்டும் வைக்கும் வகை. ஒரு காலத்தில் மால்களில் காசு போட்டு ஆடிய டைம் க்ரைசிஸ், ஹவுஸ் ஆஃப் தி டெட் மாதிரியானவை. இவற்றைத்தான் ஆடப்போகிறீர்களா என்று உங்களையே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நல்ல மவுஸ் ஒன்று வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தில் பிரியாணி சாப்பிடலாம்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதானால் இன்னொரு சிக்கல். இரண்டு மவுஸ் செருகினாலும் விண்டோஸ் இரண்டையும் ஒரே அம்புக்குறியாகக் கலந்துவிடும். தனித்தனியாகப் பிரித்துப் படிக்கத் தெரிந்த கேமோ, பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருளோ வேண்டும். மேம் எமுலேட்டருக்கு அது தெரியும்.

சுடும்போது கை உதறுவது பற்றியும் கேட்டான். மலிவானதில் மொபைல் அதிர்வு போல ஒரு மோட்டார் இருக்கும். விலை கூடியதில் சோலினாய்டு, அதாவது மின்சாரம் பாய்ந்ததும் ஒரு இரும்புத் தண்டு டக்கென்று முன்பின் அடிக்கும். சந்தோஷமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண யு.எஸ்.பி. 2 வாசல் தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர். அந்த அடிக்கு அது பற்றாது, தனி அடாப்டர் கேட்கும். ராத்திரி பதினொரு மணிக்குச் சத்தமும் கேட்கும், கீழ்வீட்டுக்காரருக்கு.

இனி வி.ஆர்., அதாவது கண்ணை மூடி ஒரு திரையை மாட்டிக்கொண்டு கேமுக்குள்ளேயே நிற்பது போல ஆடும் வகை. இங்கே கதையே வேறு.

தலையில் மாட்டும் ஹெட்செட்டோடு இரண்டு கைக்கும் கன்ட்ரோலர் வருகிறது. அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதனால் வி.ஆர். துப்பாக்கி என்று விற்பதில் பெரும்பாலானவற்றில் எந்த எலக்ட்ரானிக்ஸும் இல்லை. இரண்டு கன்ட்ரோலரையும் வரிசையாகப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் அல்லது அலுமினியச் சட்டம், பின்னால் தோளில் முட்டுக்கொடுக்க ஒரு கட்டை. கன் ஸ்டாக் என்பார்கள். சோனி 2017-ல் ப்ளேஸ்டேஷன் வி.ஆருக்கு விட்ட எய்ம் கன்ட்ரோலர் போல முழுத் துப்பாக்கியாகவே செய்தவையும் உண்டு. அவை அந்தந்தப் பெட்டியோடு மட்டும் பேசும்.

வெறும் சட்டத்துக்கா காசு என்று என் அக்கா மகன் முகம் சுளித்தான். சட்டத்தின் வேலை என்ன என்று பாருங்கள். வி.ஆரில் ரைஃபிளைப் பிடித்தால் பின்கையையும் முன்கையையும் சேர்க்கும் கோடுதான் குழாய். கைகளுக்கு நடுவே 40 சென்டிமீட்டர் இருந்து, முன்கை ஒரு சென்டிமீட்டர் ஆடினால் குறி ஒன்றரைப் பாகைக்குக் கொஞ்சம் கீழே விலகும். கைகளுக்கு நடுவே பத்து சென்டிமீட்டர் மட்டும் இருந்தால் அதே நடுக்கம் குறியை ஆறு பாகை அளவுக்குத் தூக்கியடிக்கும். காற்றில் இரண்டு கையும் தனித்தனியாக மிதக்கும்போது அந்த ஒரு சென்டிமீட்டரை யாராலும் தவிர்க்க முடியாது. சட்டம் அந்த இடைவெளியை இறுக்கிப் பிடிக்கிறது, தோள் மூன்றாவது முட்டாக வந்து சேர்கிறது. தூரத்தில் இருப்பவனைச் சுடும் கேம் என்றால் வித்தியாசம் முதல் பத்து நிமிடத்தில் தெரியும். கைத்துப்பாக்கி மட்டும் வைத்து ஆடும் பிஸ்டல் விப் மாதிரியானதற்கு இது தேவையே இல்லை, தொந்தரவுதான்.

வி.ஆரிலும் அதே கேள்வியைக் கேளுங்கள்: கண் எங்கே? 2016-ல் வந்த எச்.டி.சி. வைவ் செட்டில் அறையின் மூலையில் மாட்டிய இரண்டு பெட்டிகள் லேசர் வீச்சை அறை முழுக்கச் சுழற்றும். கன்ட்ரோலர் மேலெல்லாம் குட்டி ஒளி உணரிகள். எந்த உணரியை எந்தக் கணத்தில் வீச்சு கடந்தது என்பதை வைத்து இடம் கண்டுபிடிப்பார்கள். பெட்டி டிவிக் காலத்துக் கன்கான் நினைவுக்கு வருகிறதா? அதே கடிகாரக் கணக்குதான், டிவிக்குப் பதில் அறை. மெட்டாவின் குவெஸ்ட் இதைத் திருப்பிப் போட்டது. அங்கே விளக்கு கன்ட்ரோலரில் இருக்கிறது, கண் உங்கள் நெற்றியில். ஹெட்செட்டின் கேமராக்கள் கன்ட்ரோலரின் அகச்சிவப்புப் புள்ளிகளைப் பார்க்கின்றன.

இதனால் குவெஸ்ட் வைத்திருப்பவர்கள் ஸ்டாக் வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டும்: சட்டம் அந்தப் புள்ளிகளை மறைக்கக் கூடாது. ரைஃபிளைக் கன்னத்தோடு அணைத்தால் பின்கை முகத்துக்கு மிக அருகில் வரும். கேமராவுக்கு எட்டாத மூலை அது. முன்கை பின்கையை மறைக்கவும் செய்யும். சரியாகக் குறி வைத்த நேரத்தில் துப்பாக்கி பறந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். மாடலையும் பாருங்கள். குவெஸ்ட் 2 கன்ட்ரோலரில் பெரிய வளையம் உண்டு, 2023-ல் வந்த குவெஸ்ட் 3-ல் வளையமே இல்லை. சட்டத்தில் கன்ட்ரோலரைப் பொருத்தும் கிண்ணம் ஒன்றுக்குச் செய்தது என்றால் அதில் மற்றது உட்காராது.

கிண்ணம் காந்தத்தில் ஒட்டும் வகையாக இருக்கட்டும். குண்டு மாற்ற முன்கையை விடுவித்து இடுப்புக்குப் போய்த் திரும்ப வேண்டும். திருகு போட்டு இறுக்கிய சட்டத்தில் அது நடக்காது. காந்தம் ரொம்ப வலுவாக இருந்தாலும் பிடுங்கும்போது குறி கலைந்துவிடும். அப்புறம் நம் வீடுகளுக்கே உரிய எதிரி ஒன்று இருக்கிறது: சீலிங் ஃபேன். இங்கே ஃபேன் இல்லாமல் ஆட முடியாது, ஃபேனுக்கு நேர் கீழே ஸ்டாக்கைத் தூக்கவும் கூடாது. ஆடி முடித்ததும் ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும்.

கறுப்பாக, அசல் போல இருப்பதை வாங்கினால் முனையில் ஆரஞ்சு நிறம் பூசிக்கொள்ளுங்கள். ஸாப்பரையே நின்டென்டோ எண்பதுகளின் கடைசியில் சாம்பல் நிறத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றியது. நம்முடையது எல்லை ஊர். சாராயம் தேடி பஸ்ஸில் பையைத் துழாவுவது வழக்கம். பைக்குள்ளிருந்து கறுப்புக் குழாய் நீட்டிக்கொண்டு வந்தால் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். விமானத்தில் கைப்பையில் பொம்மைத் துப்பாக்கியும் கூடாது.

அக்கா மகன் கடைசியில் டேப் எடுத்து அளந்தான். மானிட்டர் 24 அங்குலம், கட்டிலை நகர்த்தினால் ஏழரையடி கிடைத்தது. நாலு விளக்கு வகையில், சோலினாய்டு இல்லாதது ஒன்று வாங்கினான். முதல் வாரம் நன்றாக ஓடியது. போன ஞாயிறு போன் வந்தது.

"மாமா, இதுவும் நாலு விரல் இடது பக்கம் போகுது."

"மானிட்டரை நகர்த்துனியா?"

"இல்லைங் மாமா." கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அம்மா காலைல தூசி தட்டுனாங்க. ஒரு லைட்டு தொங்குது."